எந்தக் கன்சோல்? சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் தீராத கேள்வி

புதிதாக ஒலிப்பதிவுக் கூடம் கட்டுபவர், சுவருக்கு எந்தப் பஞ்சு, தரைக்கு எந்த மரம் என்றெல்லாம் முடிவெடுத்த பிறகு ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்: கன்ட்ரோல் ரூமின் நடுவில் எந்த அனலாக் கன்சோலை வைப்பது? அதற்கும் முந்திய கேள்வி, அப்படி ஒன்று வேண்டுமா என்பது. சென்னையில் இதற்குக் காலத்துக்கு ஒரு பதில் இருந்திருக்கிறது. கோடம்பாக்கத்தின் பெரிய ரெக்கார்டிங் தியேட்டர்கள் ஒன்றைச் சொல்லின. வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஸ்டூடியோக்கள் பிறகு வேறொன்றைச் சொல்லின. லேப்டாப்பும் ஒரு ஜோடி ஸ்பீக்கருமாகப் படத்துக்கே இசையமைத்து முடிக்கும் இன்றைய தலைமுறை இரண்டையும் ஏற்பதில்லை. ஒவ்வொரு பதிலும் அந்தந்தக் காலத்து வேலைமுறையிலிருந்து பிறந்தது. வேலைமுறை மாறிய பிறகும் பழைய பதில் மட்டும் கைமாறி வந்துகொண்டிருப்பதால்தான் குழப்பம் என்று தோன்றுகிறது.

விவாதத்தின் பெரும்பகுதி கன்சோலின் ஒலியைப் பற்றியே நடந்திருக்கிறது. அது பழுதானால் யார் கையில், எந்தப் பாகத்தைக் கொண்டு, எத்தனை நாளில் சரியாகும் என்பது மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. சென்னையைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது விஷயமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும் பாகங்களாலும், அந்தப் பாகங்களோடு பழகிய கைகளாலும் உயிரோடு வைத்திருக்க முடிகிற கன்சோலே இந்த ஊருக்குப் பொருத்தமானது. இதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை என்பதால் அவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

தியேட்டர்களின் பதில்

ஏவி.எம். 1948ல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்த காலத்தில் பாட்டு ஒரே மூச்சில் பதிவானது. பாடகர், வாத்தியக்காரர்கள், கோரஸ் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். பதிவு ஒரே ட்ராக். மைக்குகள் கொஞ்சம், மிக்ஸரில் குமிழ்களும் கொஞ்சம். வயலின்களை எத்தனை அடி தள்ளி உட்காரவைப்பது, தபலாவுக்கு முன்னால் தட்டி வைப்பதா என்பதிலேயே பாதி மிக்சிங் முடிந்துவிடும். கருவியை முதலாளி தருவித்தார், சவுண்ட் இன்ஜினியர் வந்ததைக் கற்றுக்கொண்டார். தேர்வு என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை.

தமிழில் முதல் ஸ்டீரியோ பாடல் பதிவாகப் பொதுவாகச் சொல்லப்படும் 'பிரியா' 1978ல் வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறியது. பல ட்ராக் டேப் புழக்கத்துக்கு வந்ததும் கன்சோல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டியதாயிற்று: மைக்கிலிருந்து டேப்புக்குப் போவதைக் கையாள வேண்டும், டேப்பிலிருந்து திரும்பி வருவதைக் கேட்கவும் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனிப் பகுதியாக வைத்தவை ஸ்ப்ளிட் வகை. ஒரே சேனலுக்குள் இரண்டு பாதைகளையும் அடக்கியவை இன்லைன் வகை. 24 ட்ராக் வேலைக்கு ஸ்ப்ளிட் கன்சோல் அறையின் அகலத்தையே கேட்கும். இன்லைன் அதைவிட மிகக் குறைந்த இடத்தில் முடித்துவிடும். எந்த பட்டன் எந்தப் பாதையை மாற்றுகிறது என்பது கைக்குப் பழகத்தான் நாளாகும். டேப் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்த வேறுபாடு அப்படியே செல்லும்.

தியேட்டர்காரர்களின் பதிலில் இன்றும் மறுக்க முடியாத ஒன்று உண்டு. 30 வயலின்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது டேக் காத்திருக்காது. நடத்துநருக்கு க்ளிக் அதிகமாக வேண்டும், பாடகருக்குச் சுருதி அதிகமாக வேண்டும், புல்லாங்குழல்காரருக்குத் தன் ஒலி குறைவாக வேண்டும். ஒவ்வொரு காதுக்கும் வேறு கலவையைக் கை நீட்டிய தூரத்தில், தாமதமே இல்லாமல் கொடுக்க அனலாக் கன்சோலைப் போன்ற கருவி அரிது. ஆனால் அந்தத் தியேட்டர்களில் காலையும் மாலையும் கால்ஷீட் நிரம்பியிருந்தது. கன்சோலின் மின்சாரம், ஏசி, சர்வீஸ் ஆள் சம்பளம் எல்லாவற்றையும் அந்த வாடகை சுமந்தது. அதே அளவுக் கருவியை மாதத்தில் எட்டு நாள் மட்டும் வேலை வரும் கூடத்தில் வைத்தால் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

ஒலிக்காக வாங்குவோர்

இரண்டாவது நிலைப்பாடு, கன்சோலும் ஒரு வாத்தியம் என்பது. ரூபர்ட் நீவ் 1970ல் வடிவமைத்த 1073 ப்ரீஆம்ப், ஏ.பி.ஐ.யின் ஈக்யூ, 1970களின் பிற்பகுதியில் வந்த எஸ்.எஸ்.எல். 4000 வரிசையின் பஸ் கம்ப்ரசர் ஆகியவற்றைச் சுற்றியே இந்த மரபு வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோ 1973ல் வாங்கிய நீவ் 8028 கன்சோலில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' பதிவானது. அந்தக் கன்சோலைப் பற்றி நிர்வாணாவின் டிரம்மர் டேவ் க்ரோல் எடுத்த ஆவணப்படம் 2013ல் வெளியானது. இப்படிப்பட்ட வரலாறுகள் உலகெங்கும் பழைய கன்சோல்களின் விலையை ஏற்றிவிட்டன. பெரிய கன்சோல் ஒன்றைத் தருவித்து, சுங்கவரியும் ஜிஎஸ்டியும் கட்டி, சென்னையில் பொருத்தி முடிப்பதற்குள் செலவு கோடியைத் தொட்டுவிடக்கூடும்.

இந்த நிலைப்பாட்டில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் வால்வு கன்சோல் போய் டிஜி12345 என்ற டிரான்சிஸ்டர் கன்சோல் வந்தபோது, ஒலி மென்மையாகிவிட்டது, பழைய அடி இல்லை என்று அங்கே பணியாற்றிய ஜெஃப் எமரிக் பிற்காலத்தில் எழுதினார். அதே கன்சோலில் உருவான 'அபே ரோட்' (1969) இன்று ஒலித் தரத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. ஒரு தலைமுறை குறையாகக் கேட்டதை அடுத்த தலைமுறை குணமாகக் கேட்டது. சவுண்ட் சிட்டி விஷயத்திலும் டிரம்ஸ் வாசித்த அறை, மைக், இன்ஜினியர், வாசித்தவர் எல்லோரும் கன்சோலோடு சேர்ந்தே வருகிறார்கள். இவற்றிலிருந்து கன்சோலின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்லும் சான்று நமக்குக் கிடைப்பதில்லை.

அளவுகளைப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது. 150 ஓம் மைக்கின் வெப்ப இரைச்சலே மைனஸ் 131 டிபியு அளவில் இருக்கிறது. எந்த ப்ரீஆம்பும் அதற்குக் கீழே போக முடியாது. நல்ல நடுத்தரக் கன்சோல்கள் மைனஸ் 128ஐ எளிதாகத் தொடுகின்றன. வீணை, தம்புரா போல 55, 60 டெசிபல் கூட்டவேண்டிய மெல்லிய ஒலிகளுக்கு இரைச்சல் முக்கியம்தான். ஆனால் மிச்சமிருக்கும் இந்த 3 டெசிபல் வித்தியாசத்தைவிட, பெரும்பாலான கூடங்களில் ஏசி குழாயிலிருந்து வரும் ஓசை அதிகம். கலக்கும் இடத்தில் சேரும் இரைச்சலும் அப்படியே. 32 சேனல்களைத் திறந்து வைத்தால் மொத்த இரைச்சல் ஒரு சேனலின் இரைச்சலைவிட 15 டெசிபல் ஏறிவிடும். வேண்டாதவற்றை ம்யூட் செய்யும் பழக்கம் விலை உயர்ந்த கன்சோலைவிட அதிக பலன் தரக்கூடும்.

டிரான்ஸ்ஃபார்மரின் விஷயம் வேறு. அதன் திரிபு ஒலி மட்டம் உயரும்போதும் அதிர்வெண் தாழும்போதும் கூடுகிறது. அதனால் மிருதங்கத்தின் தொப்பியிலும் தவிலிலும் அது கேட்கும் அளவுக்கு வேலை செய்யும். புல்லாங்குழலிலும் வயலினின் மேல் ஸ்தாயியிலும் அநேகமாக எதுவும் செய்யாது. தாள வாத்தியம் அதிகம் பதிவாகும் கூடம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ப்ரீஆம்பை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு 4 சேனல் போதும். முழுக் கன்சோலையும் அப்படி வாங்க வேண்டும் என்று இந்தச் சான்று சொல்வதில்லை.

கன்சோலே வேண்டாம் என்போர்

ஏ.ஆர். ரஹ்மான் 1989ல் வீட்டை ஒட்டிக் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்து 1992ல் 'ரோஜா' பாடல்கள் வந்தன. இசையமைப்பு, சீக்வென்சிங், பதிவு, கலவை எல்லாம் இசையமைப்பாளரின் கைக்கெட்டும் இடத்தில், அவருடைய நேரத்தில் நடக்கலாம் என்பதைத் தமிழ்த் திரையுலகம் அதில் பார்த்தது. பின்னால் கம்ப்யூட்டர் வளர வளர, நடுவிலிருந்த கன்சோல் ஓரத்துக்குப் போனது.

இந்தத் தரப்பின் மிக வலுவான வாதம் ஒலியைப் பற்றியது அல்லவே அல்ல. திரும்ப எடுப்பதைப் பற்றியது. ரிலீசுக்கு முந்திய வாரம் இயக்குநர் ஆர்.ஆரில், அதாவது பின்னணி இசையில், ஒரு ரீலை மாற்றச் சொல்வார். அதே நாளில் வேறொரு படத்தின் பாடலில் குரலை அரை டெசிபல் ஏற்றச் சொல்வார்கள். மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லாக் குமிழும் பழைய இடத்தில் இருக்கும். எஸ்.எஸ்.எல். தன் 4000 வரிசையில் தந்த டோட்டல் ரீகால் வசதியிலும் திரை பழைய நிலையைக் காட்டும், ஆனால் திருப்பி வைக்க வேண்டியது மனிதக் கைதான். சாதாரணக் கன்சோலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று படம் பார்க்கும் கூடத்தில் இது தாங்காது.

இதன் பலவீனம் பதிவு அறையில் தெரிகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லி நொடி. போய் வர 10 மில்லி நொடியைத் தாண்டும். இது பாடகருக்குத் தன் குரல் 11 அடி தள்ளி ஒலிப்பதற்குச் சமம். கமகம் பிடிக்கும் கர்நாடகப் பாடகர் இதை உடனே உணர்ந்துவிடுவார். இன்டர்ஃபேசுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் மிக்ஸர் இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் பாட ஒருவர் பதியும் கூடத்துக்கு அதுவே போதும். பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது, பத்துப் பேருக்கும் தனித்தனிக் கலவையைத் திரையில் பக்கம் பக்கமாகத் தேடித் திருத்துவது எல்லோருக்கும் கைவருவதில்லை.

நடுவழி

பதிவுக்கும் கேட்பதற்கும் அனலாக், கலவைக்குக் கம்ப்யூட்டர் என்ற சமரசம் இன்று பரவலாக இருக்கிறது. எஸ்.எஸ்.எல். ஆரிஜின் (2019), நீவ் 8424 (2020), ஆடியன்ட் நிறுவனத்தின் கன்சோல்கள் எல்லாம் இந்தச் சந்தைக்காக வந்தவை. சிறிய பட்ஜெட்டில் பிக் சிக்ஸ், டாஸ்காம் மாடல் 24 போன்றவை உண்டு. கலவையின் கடைசியில் மட்டும் அனலாக் சம்மிங் பெட்டியைச் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. ஒலி மட்டத்தைத் துல்லியமாகச் சமன் செய்து, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தால் சம்மிங்கின் வித்தியாசம் எவ்வளவு நிலைக்கும் என்பது சந்தேகத்துக்குரியது. வாங்குபவர் தானே அப்படிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ரிச்சி தெருவிலிருந்து பார்த்தால்

மேற்கண்ட மூன்று தரப்பும் கன்சோல் வேலை செய்துகொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. சென்னையில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் காற்று. ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல். மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடலின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. பகலெல்லாம் ஏசியில் குளிர்ந்த உலோகத் தட்டின் மீது, கதவைத் திறந்ததும் வெளிக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சிந்தாதிரிப்பேட்டையை வளைத்து ஓடும் கூவத்தின் நாற்றத்தில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சுவிட்சுகளின் வெள்ளிப் பூச்சைக் கறுக்கவைக்கும். முதலில் ஒரு பட்டனை அழுத்தினால் இடது பக்கம் வராது. இரண்டு தரம் அழுத்தினால் வரும். ஒரு கன்சோலில் நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் இருப்பதால், எந்த டேக்கில் எது கைவிடும் என்று சொல்ல முடியாத நிலை வந்துவிடும்.

அடுத்தது வெப்பம். எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவிதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டர், கன்சோலுக்குள் 45 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் வரும். இடைவிடாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 35 டிகிரியில் வைத்தால் இருமடங்கு. நடைமுறையில் இதைவிட நீண்டநாள் உழைப்பவையும் உண்டு. ஆனால் போக்கு இதுதான். இரவில் அணைத்தால் ஆயுள் மிச்சமாகும், ஆனால் தினமும் சூடாகிக் குளிர்வதில் சால்டர் இணைப்புகளும் கனெக்டர்களும் தளரும். அணைக்காமல் விட்டால் மின்கட்டணம். 3 கிலோவாட் இழுக்கும் பெரிய கன்சோலை நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டினால் 750 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தால் 7,500 ரூபாய். அது கக்கும் சூட்டை வெளியேற்ற ஒரு டன் ஏசியின் பெரும்பகுதி தனியாகப் போகும்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவிலிருந்து வரும் பழைய கன்சோல்களின் பவர் சப்ளை 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்ததாக இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும். 230 வோல்ட்டை இறக்கிக் கொடுப்பதால் மட்டும் இது சரியாகாது. தனி எர்த் இல்லாத கட்டடத்தில் 50, 100 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் கன்சோலைத்தான் முதலில் திட்டுவார்கள், குற்றவாளி பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் பவர் சப்ளையைத் தரையோடு வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கன்சோலைத் திறந்து பார்க்கலாம். மாடுலர் கன்சோலில் மேலும் கீழும் திருகைக் கழற்றினால் ஒரு சேனல் பட்டை தனியாகக் கையில் வரும். உள்ளே சாக்கெட்டில் செருகிய என்.இ.5532, டி.எல்.072 ஐசிகள், 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். ஒரு கெபாசிட்டரின் மேல்மூடி லேசாக உப்பியிருந்தால் அது போய்விட்டது என்று கண்ணாலேயே தெரியும். இவை எல்லாம் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கக்கூடிய பொதுப்பாகங்கள். போலி ஐசிகளும் கலந்து வருவதால் நம்பகமான கடையில், ஒரே முறையில் மொத்தமாக வாங்கிச் சோதித்துப் போடுவது நல்லது. சேனலுக்கு 40 கெபாசிட்டர் என்று வைத்தால் 32 சேனலுக்கு 1,280. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், அதாவது 2,560 சால்டரிங். வேலை அதிகம், ஆனால் வேலை தெரிந்த ஒருவரால் முடிகிற வேலை. கெட்ட சேனலை உருவி வைத்துவிட்டு மற்ற 31ல் அன்றைய பதிவை நடத்தலாம் என்பது இதன் பெரிய லாபம்.

இதற்கு மாறாக, 8 அல்லது 24 சேனலும் ஒரே பெரிய போர்டில் அமைந்த மலிவு மிக்ஸரில் ஒரு குமிழை மாற்றவும் எல்லாக் குமிழ்களின் நட்டையும் கழற்றிப் போர்டை முழுதாக எடுக்க வேண்டும். சர்ஃபேஸ் மவுன்ட் பாகங்கள் நிறைந்த புதிய கன்சோல்களைத் திருத்தச் சூட்டுக்காற்றுக் கருவியும், பொறுமையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்யூட் வரைபடமும் வேண்டும். வரைபடத்தை வெளியிடாத நிறுவனத்தின் கன்சோல், அதன் ஒலி எப்படி இருந்தாலும், இந்த ஊரில் ஆபத்தான முதலீடு.

ஆட்சேபங்கள்

புதிதாக வாரண்டியோடு வாங்கினால் இந்தக் கவலை இல்லையே என்று கேட்கலாம். வாரண்டிக் காலத்துக்குள் அது சரி. கன்சோல் 15, 20 ஆண்டு உழைக்க வேண்டிய கருவி. வாரண்டி அதில் சிறு பகுதி. போர்டை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பப் பெறும் வாரங்களில் கூடம் சும்மா இருக்கும். கன்சோலின் பெயரைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் வருகிறார் என்பது இன்னொரு வாதம். பெரிய தயாரிப்புகள் வரும் ஒரு சில கூடங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். சபைக் கலைஞர்களின் ஆல்பமும் விளம்பரக் குரலும் குறும்பட இசையும் பதியும் கூடங்களில், சுருதி சுத்தமாகக் கேட்கும் ஹெட்ஃபோனும் நேரத்துக்குத் தொடங்கும் டேக்கும்தான் மறுபடி ஆளைக் கொண்டுவருகின்றன என்று கருத இடமிருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: பழுதுபார்க்க எளிது என்ற அளவுகோலை வைத்தால் கன்சோலே வேண்டாம், நல்ல ப்ரீஆம்ப் எட்டும் ஒரு மானிட்டர் கன்ட்ரோலரும் போதுமே? பல கூடங்களுக்கு இதுவே சரியான விடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குரல், வயலின், மிருதங்கத்துக்கு இரண்டு, கஞ்சிரா அல்லது கடம், தம்புரா: ஒரு கச்சேரிக் குழு 6 முதல் 8 சேனலுக்குள் அடங்கிவிடும். இவர்களுக்கு 32 சேனல் கன்சோல் தேவையற்ற சுமை. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளம், 12 பேர் தந்திக்குழு, கிராமியக் கலைக்குழு இவர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பதியும் கூடத்துக்கே 16 அல்லது 24 சேனல் மாடுலர் கன்சோல், குறைந்தது 4 தனித்தனி ஹெட்ஃபோன் கலவையோடு, தன் விலையை நியாயப்படுத்துகிறது. அங்கேயும் கலவையைக் கம்ப்யூட்டரிலேயே முடிப்பது நல்லது.

இன்னும் முடிவாகாதவை

இந்த வாதம் நிற்பதும் விழுவதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, ஆட்கள். தரமணி திரைப்படக் கல்லூரியிலும் தனியார் நிறுவனங்களிலும் ஒலிப்பதிவு படிப்பவர்கள் கன்சோலை இயக்கக் கற்கிறார்கள். அதைத் திறந்து திருத்தக் கற்பவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் கவலை. ரிச்சி தெருவின் வியாபாரம் மொபைலுக்கும் சிசிடிவிக்கும் நகர நகர, ஆடியோ போர்டு பார்க்கும் கைகள் குறைந்தால், மாடுலர் கன்சோலின் சாதகமும் மெல்லக் கரையும். அப்போது எளிதில் தூக்கிப்போட்டு மாற்றக்கூடிய சிறிய கருவிகளின் பக்கம் தராசு சாயலாம்.

இன்னொன்று, சேர்ந்து வாசிக்கும் பழக்கம். 2021 பிப்ரவரியில் இளையராஜா பழைய எம்.எம். பிரிவியூ தியேட்டரைத் தன் ஸ்டூடியோவாக மாற்றித் திறந்தது, கூடமும் நேரடி வாசிப்பும் இன்னும் பொருளுள்ளவை என்று நம்புகிறவர்கள் இருப்பதைக் காட்டியது. மறுபக்கம் சாம்பிள் நூலகங்கள் தந்திக்குழுவின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டன. இந்த இரண்டில் எது அடுத்த பத்தாண்டில் மேலோங்கும் என்பதற்கு இப்போதைய சான்றுகள் போதவில்லை. அதுவரை புதிதாக வாங்குபவர் செய்யக்கூடியது, ஒரே நேரத்தில் உண்மையில் எத்தனை மைக் திறக்கிறோம் என்பதைக் கடந்த ஓராண்டு வேலையிலிருந்து எண்ணிப் பார்ப்பதும், விரும்பும் கன்சோலின் சர்க்யூட் வரைபடத்தை முன்பணம் கட்டுமுன் கையில் வாங்கி, அதைத் திருத்தப்போகிறவரிடம் காட்டிக் கேட்பதும்தான்.